புகைப்படத்தின் பின்பக்கம்

நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய இரும்பு பீரோ இருந்தது. அதன் கீழ்த்தட்டில், பைண்டிங்குக்குப் போகாமல் தங்கிவிட்ட சஞ்சிகைகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் டின். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு, ஸ்டாக் வெரிஃபிகேஷன் சமயத்தில்தான் அது கண்ணில் பட்டது. திறந்து பார்த்தால் 143 கருப்பு வெள்ளைப் புகைப்படங்கள். விளையாட்டு விழா, நாடகக் குழு, யாரோ ஒரு மந்திரி மரம் நடுவது, விடுதி சமையல்காரர்கள் வரிசையாக நிற்பது. ஒன்றின் பின்பக்கத்திலும் ஒரு எழுத்து கிடையாது. எந்த வருடம், யார், எந்த இடம், எதுவும் இல்லை.

ஒரு நூலகருக்கு இதைவிடப் பெரிய வேதனை வேண்டாம். புத்தகம் கிழிந்திருந்தால் ஒட்டலாம். பெயர் போன படத்தை என்ன செய்வது? இந்தப் படங்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை முடிவில் சொல்கிறேன். அதற்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துவைத்திருந்தும் நான் கோட்டை விட்டேன் என்பதுதான் என் வருத்தம்.

நாங்கள் நூலக அறிவியல் படித்த காலத்தில் பட்டியல் என்றால் அட்டைதான். மரப்பெட்டி இழுப்பறை, அதில் கம்பி கோத்த அட்டைகள். ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர் அட்டை, தலைப்பு அட்டை, பொருள் அட்டை. பொருள் தலைப்பை நூலகர் முடிவு செய்வார். வாசகர் வந்து, அவர் முடிவு செய்த சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை ஒரு விலங்கியல் பேராசிரியர் என்னிடம் வந்து, "சார், இந்தப் புத்தகத்தை நீங்க தப்பான இடத்துல வெச்சிருக்கீங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாளில் எனக்குக் கோபம் வந்தது. வாசகர் அட்டையில் கைவைப்பதாவது!

2007 என்று நினைவு. ஒரு புத்தொளிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு. பாதிப் பேர் தூக்கம். அப்போது ஓர் இளம் விரிவுரையாளர் 'லைப்ரரி 2.0' என்று ஆரம்பித்தார். மைக்கேல் கேசி என்ற அமெரிக்க நூலகர் 2005இல் தம் வலைப்பூவில் எழுதிப் பரப்பிய சொல் அது. வாசகர் எடுத்துப் போவதோடு நிற்காமல், நூலகத்துக்குள் ஏதாவது கொண்டு வந்தும் சேர்க்கட்டும் என்பதுதான் சாரம். அடுத்ததாக ஹெலன் புளோவர்ஸ் என்ற அம்மையாரைப் பற்றிச் சொன்னார். வட கரோலினாவில் சார்லட் நகரப் பொது நூலகத்தில் 2006இல் ஊழியர்களுக்கு 23 சின்னச் சின்ன வேலைகள் கொடுத்திருக்கிறார். ஒரு வலைப்பூ தொடங்கு, ஒரு படத்தை ஃப்ளிக்கரில் ஏற்று, விக்கியில் ஒரு வரி எழுது, இப்படி. முடித்தவர்களுக்கு ஒரு எம்பி3 பாட்டுப் பெட்டி பரிசு. பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை, விளையாட்டாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அந்த 23 வேலைப் பட்டியலை எடுத்துக்கொண்டு உலகின் பல நூலகங்கள் தங்கள் ஊழியர்களைப் பழக்கின. எங்கள் பயிற்சியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு ரெக்சின் பை. அது போகட்டும்.

இனி முக்கியமான கதை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், உலகத்தின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று. அவர்களிடம் ஏராளமான புகைப்படங்கள் உண்டு. அவற்றில் ஒரு தொகுப்பு ஜார்ஜ் கிராந்தம் பெய்ன் என்பவருடையது. நியூயார்க்கில் செய்திப்படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் அவருடையது. கிட்டத்தட்ட 40,000 கண்ணாடி நெகடிவ்கள். நூலகம் அவற்றை 1948இல் வாங்கியது. ஆனால் விவரம்? கண்ணாடியின் ஓரத்தில் கையால் கிறுக்கிய ஒன்றிரண்டு சொற்கள்தான். சிலவற்றில் வெறும் குடும்பப் பெயர். பத்திரிகை அலுவலகத்தில் அன்றைக்கு அது போதும். யார் என்று எல்லோருக்கும் தெரியும். நூறு வருடம் கழித்து யாருக்குத் தெரியும்? என் பிஸ்கட் டின்னைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான்.

இன்னொரு தொகுப்பு வண்ணப் படங்கள். 1939 முதல் 1944 வரை, பெருமந்தத்தின் கடைசி ஆண்டுகளிலும் போர்க் காலத்திலும், அரசாங்கமே புகைப்படக்காரர்களை அனுப்பி எடுத்தவை. ரஸ்ஸல் லீ, ஜாக் டெலானோ, மரியன் போஸ்ட் வோல்காட் போன்றவர்கள் எடுத்தது. கருப்பு வெள்ளையாகவே நாம் கற்பனை செய்துவைத்திருக்கும் காலம், கோடாக்ரோம் வண்ணத்தில்! விமானத் தொழிற்சாலையில் தலையில் துணி கட்டிய ஒரு பெண் கையில் துளைக்கருவியோடு வேலை செய்யும் படம் ஒன்று உண்டு. 1943இல் டென்னசியில் ஆல்ஃபிரட் பால்மர் எடுத்தது. நேற்று எடுத்ததுபோல இருக்கும்.

இந்தப் படங்கள் ஏற்கெனவே அந்த நூலகத்தின் சொந்த இணையதளத்தில் இருந்தவைதான். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஆனால் நூலகத்தின் வாசலுக்கு வருபவர்கள் மட்டும்தானே வருவார்கள்? அதனால் 2008 ஜனவரி 16ஆம் தேதி ஒரு காரியம் செய்தார்கள். சுமார் 3,100 படங்களை எடுத்துக்கொண்டு, ஜனங்கள் தங்கள் கல்யாணப் படத்தையும் பூனைக்குட்டிப் படத்தையும் போட்டுக்கொண்டிருந்த ஃப்ளிக்கர் தளத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 'தி காமன்ஸ்' என்று அந்தப் பகுதிக்குப் பெயர். ஃப்ளிக்கர் தரப்பில் இதற்குப் பாடுபட்டவர் ஜார்ஜ் ஓட்ஸ். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைக்க வேண்டாம், பெண்.

இதில் ஒரு சிக்கலை அவர்கள் தீர்த்த விதம் எனக்குப் பிடித்தது. ஃப்ளிக்கரில் படம் போடுபவர் அதன் உரிமையாளராக இருக்க வேண்டும், அல்லது ஏதாவது ஓர் உரிமத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நூலகம் இந்தப் படங்களுக்கு உரிமையாளர் அல்ல, காப்பாளர் மட்டுமே. எனவே இவற்றுக்கென்றே ஒரு புது வாசகத்தை ஏற்படுத்தினார்கள். பதிப்புரிமைக் கட்டுப்பாடு ஏதும் இருப்பதாக அறியப்படவில்லை என்பது அதன் பொருள். இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவில்லை பாருங்கள். எங்களுக்குத் தெரிந்தவரை இல்லை என்கிறார்கள். நூலகரின் நாக்கு அப்படித்தான் பேசும்.

அடுத்து நடந்ததை அவர்களே எதிர்பார்க்கவில்லை. பத்து மாதத்துக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். வாரம் 50 படமாகச் சேர்த்துக்கொண்டே போனதில் அக்டோபரில் மொத்தம் 4,615 படங்கள் ஆகிவிட்டன. அவற்றில் 2,873 படங்களுக்குக் கீழே 7,166 பின்னூட்டங்கள். வாசகர்கள் போட்ட குறிச்சொற்கள் மட்டும் 67,176. ஒரு படத்துக்கு 75 குறிச்சொல்தான் என்று ஃப்ளிக்கரில் ஓர் உச்சவரம்பு இருந்தது. இவ்வளவு பேர் உள்ளே வந்து எழுதியும், அநாகரிகம் என்று நீக்க வேண்டிவந்தவை 25க்கும் குறைவு. வாசகரை உள்ளே விட்டால் சுவரில் கிறுக்கிவிடுவான் என்று பயப்படும் நம்மவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

எண்ணிக்கையைவிட எனக்கு ஆச்சரியம், அந்தப் பின்னூட்டங்களில் இருந்த சரக்கு. நிறையப் பேர் 'அழகு', 'அருமை' என்று எழுதினார்கள், அது எங்கும் உள்ளதுதான். ஆனால் ஒரு சிறு கூட்டம், ஏறக்குறைய இருபது பேர், துப்பறிவாளர்கள் மாதிரி இறங்கிவிட்டது. பெய்ன் தொகுப்பில் வெறும் குடும்பப் பெயர் இருக்கும் படத்தை எடுத்துக்கொள்வது, பழைய நியூயார்க் டைம்ஸ் இதழ்களைத் துழாவுவது, அந்த ஆள் இன்னார், இன்ன தேதியில் இன்ன வழக்குக்காக அல்லது இன்ன போட்டிக்காகச் செய்தியில் அடிபட்டார் என்று சுட்டியோடு கொண்டுவந்து போடுவது. ஊர்ப் பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்தினார்கள். அதே தெரு இன்று எப்படி இருக்கிறது என்று போய்ப் படம் எடுத்துக் கீழே ஒட்டினார்கள். காரின் மாடலைப் பார்த்துப் பட்டியலில் உள்ள வருடம் பொருந்துமா என்று வாதாடினார்கள். ஒருவருக்கும் ஒரு காசு கிடையாது.

நூலகர்கள் இதைக் கண்டு மகிழ்ந்ததோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுத மாட்டேன். அவர்கள் பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். சொன்னது சரியா என்று சோதித்தார்கள். சரியென்றால் தங்கள் சொந்தப் பட்டியலில், அதாவது வாஷிங்டனில் உள்ள நூலகத்தின் நிரந்தரப் பதிவில், அந்த விவரத்தை ஏற்றினார்கள். அந்த வருட அக்டோபருக்குள் 500க்கும் மேற்பட்ட பதிவுகள் இப்படித் திருத்தப்பட்டுவிட்டன. இன்றும் நீங்கள் அந்த நூலகத்தின் பட்டியலில் பெய்ன் படம் ஒன்றைத் திறந்தால், குறிப்புப் பகுதியில், ஆதாரம்: ஃப்ளிக்கர் காமன்ஸ் திட்டம், 2008 என்று பல இடங்களில் பார்க்கலாம். வாசகர் சொன்னது அட்டையில் ஏறிவிட்டது. எங்கிருந்து வந்தது என்பதும் கூடவே ஏறியிருக்கிறது. அந்த விலங்கியல் பேராசிரியரை அப்போது நினைத்துக்கொண்டேன்.

இதை எப்படிச் சமாளித்தார்கள் என்றால், ஆள் போட்டுத்தான். பின்னூட்டம் தானாக வரும், சோதிப்பது தானாக நடக்காது. சமூக ஊடகம் இலவசம் என்று சொல்கிற மேலதிகாரிகள் இந்தச் செலவை மட்டும் கணக்கில் எடுப்பதே இல்லை.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதனை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் ஒரு வளரும் உயிரி. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது எனக்கு அந்த மூன்றாவது விதி புரிந்ததில்லை. வாசகர் நூலைத் தேடுவது சரி, நூல் எப்படி வாசகரைத் தேடும்? பெய்ன் கண்ணாடிகள் 1948இலிருந்து அறுபது வருடம் காத்திருந்து, தங்களைத் தெரிந்தவர்களை ஃப்ளிக்கரில் போய்த் தேடிக்கொண்டன என்று படித்தபோதுதான் புரிந்தது. அப்போது எனக்கு ஓய்வு பெற நான்கு வருடம் பாக்கி.

அதே நூலகம் அடுத்துச் செய்த காரியத்தில் இதே விதிகளிடம் அடி வாங்கியது. 2010 ஏப்ரல் 14ஆம் தேதி, ட்விட்டரிலேயே, ஓர் அறிவிப்பு. 2006 மார்ச்சில் ட்விட்டர் தொடங்கியது முதல் வெளியான எல்லாப் பொதுப் பதிவுகளையும் நூலகம் பெற்றுக் காக்கப் போகிறது என்று. நிறுவனம் அன்பளிப்பாகக் கொடுத்தது. யோசனை மோசமில்லை. ஒரு காலத்தில் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் சேர்த்த நூலகம், சாதாரண ஜனங்கள் இன்று பேசுவதைச் சேர்க்க வேண்டாமா? மதியம் என்ன சாப்பிட்டேன் என்று ஒருவன் எழுதியதைக் காப்பாற்றி என்ன பயன் என்று சிரித்தவர்களும் உண்டு. கல்வெட்டில் எத்தனை படி நெல், எத்தனை ஆடு, எத்தனை விளக்கு என்றுதானே எழுதியிருக்கிறது? அதை வைத்துத்தான் நாம் சோழர் வரலாறு எழுதுகிறோம்.

ஆனால் வெள்ளம் வந்தது. 2011 பிப்ரவரியில் ஒரு நாளைக்கு 14 கோடிப் பதிவுகள். 2012 அக்டோபரில் ஏறக்குறைய 50 கோடி. 2013 ஜனவரியில் நூலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கையில் சுமார் 17,000 கோடிப் பதிவுகள், இரண்டு பிரதிகளாகச் சுருக்கி வைத்தும் 133 டெராபைட். பார்க்க அனுமதி கேட்டு வந்த ஆராய்ச்சியாளர்கள் 400க்கும் மேல். யாருக்கும் கொடுக்க முடியவில்லை. காரணம், 2006 முதல் 2010 வரையிலான பகுதியில் மட்டும் ஒரு சொல்லைத் தேட 24 மணி நேரம் ஆகலாம்! வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்ற நான்காவது விதியை நினைத்துப் பாருங்கள். நாங்கள் மரப்பெட்டி அட்டையில் அதைவிட வேகமாகத் தேடித் தந்திருக்கிறோம்.

கடைசியில் 2017 டிசம்பர் 26ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அடுத்த அறிவிப்பு. 2018 ஜனவரி 1 முதல் எல்லாவற்றையும் சேர்க்க மாட்டோம், தேர்ந்தெடுத்தவற்றை மட்டுமே. அவர்கள் சொன்ன காரணங்கள் நியாயமானவைதான். பதிவுகள் பெருகிவிட்டன. 140 எழுத்து 280 ஆகிவிட்டது. அவர்களுக்குக் கிடைத்ததோ எழுத்து மட்டும், படமும் காணொளியும் வரவில்லை. ஜனங்களோ படமாகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். முதல் பன்னிரண்டு வருடத்து எழுத்துகள் இன்னும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. வாசகர் மட்டும் உள்ளே போக முடியாது.

சில நண்பர்கள் இதைப் பெரிய தோல்வி என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த நிறுவனம் 2022இல் கைமாறி, பெயரும் மாறி, வெளியார் பதிவுகளை எடுத்துப் பார்க்க இருந்த இலவச வழியும் அடைபட்ட பிறகு, அந்தப் பன்னிரண்டு வருடம் ஒரு பொது நூலகத்திடம் இருப்பது எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஃப்ளிக்கர் கதையும் அப்படித்தான். 2008 டிசம்பரில் ஜார்ஜ் ஓட்ஸுக்கே வேலை போனது. நிறுவனம் பிற்பாடு இரண்டு கை மாறியது. நாளைக்கே அந்தத் தளம் மூடப்பட்டாலும் பெய்ன் படங்களுக்கு வந்த விவரம் போகாது. அது பட்டியலில் ஏறிவிட்டது.

நம் பக்கத்தில் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஈழத்துத் தமிழர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே கட்டடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம், விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் இயங்குகிறது. நூலுக்கு ஒரு பக்கம், ஆசிரியருக்கு ஒரு பக்கம் என்று ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். மரப்பெட்டியின் கம்பியை எடுத்துவிட்டு அட்டைகளை உலகம் முழுவதும் பரப்பியதுபோல இருக்கும். ஓய்வுக்குப் பின் பல மதியங்கள் எனக்கு அங்கேதான் கழிகின்றன.

சரி, பிஸ்கட் டின்.

ஓய்வு பெறும்போது முதல்வரிடம் எழுதிக் கேட்டு, அந்த 143 படங்களையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். 2014இல் பழைய மாணவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். என்னையும் சேர்த்தார்கள். தினம் ஒரு படம் போட்டேன். என்ன ஒரு வரவேற்பு! "சார், இடது ஓரத்துல நிக்கிறது எங்க பெரியப்பா" என்று சென்னையிலிருந்து ஒருவர். "அது மந்திரி இல்ல சார், கலெக்டர். மரம் இப்பவும் இருக்கு, புங்கை" என்று இன்னொருவர். விடுதி சமையல்காரர்கள் ஆறு பேரின் பெயரையும் ஓய்வு பெற்ற விடுதிக் கண்காணிப்பாளர் ஒருவர், அப்போதே 84 வயது அவருக்கு, பேரன் உதவியோடு குரல் பதிவாக அனுப்பினார். ஒவ்வொருவருக்கும் எந்த ஊர், யார் கை சாம்பார் நன்றாக இருக்கும் என்பது உட்பட. ஐந்து மாதத்தில் 90 படங்களுக்கு மேல் பெயர் கிடைத்துவிட்டது.

எழுதிவைக்கலாம், எழுதிவைக்கலாம் என்று இருந்தேன். எல்லாம் போனில்தான் இருக்கிறதே என்ற தைரியம். வாஷிங்டன்காரர்கள் என்ன செய்தார்கள் என்று அதற்குள் நான் இரண்டு கூட்டங்களில் பேசியும் ஆகிவிட்டது! 2016இல் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போன் நழுவிச் சக்கரத்தில் மாட்டியது. பேக்கப் என்று ஒன்று இருப்பதே எனக்கு அதன் பிறகுதான் தெரியும். குழுவில் உள்ளவர்களைக் கேட்டேன். "இடம் அடைக்குதுன்னு அப்பப்ப அழிச்சிடுவோம் சார்" என்றார்கள். கண்காணிப்பாளர் அதற்கு முந்தின வருடமே காலமாகிவிட்டார்.

மறுபடி ஆரம்பத்திலிருந்து. இந்த முறை ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கினேன். படத்துக்கு ஓர் எண், யார் சொன்னது, எந்தத் தேதி, எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். என் பேத்தி அதைக் கணினியில் அட்டவணையாக ஏற்றித் தருகிறாள். கல்லூரியில் இப்போது இருக்கும் நூலகர் நல்ல பெண், அச்சிட்ட பிரதி ஒன்றை வாங்கி பீரோவில் அந்த டின்னோடு வைத்திருக்கிறார். படங்களின் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் எண்ணும் எழுதியாயிற்று. பேனா கூடாது, மை மறுபக்கம் இறங்கிவிடும்.

இதுவரை 61 படங்கள் தேறியிருக்கின்றன. சமையல்காரர்கள் ஆறு பேரில் நான்கு பேர் பெயர் என் ஞாபகத்திலிருந்தே எழுதினேன். நடுவில் நிற்கும் உயரமானவரும், அவர் தோளில் கை போட்டிருக்கும் இளைஞரும் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பேரன் இப்போது கோவையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தாத்தாவின் பழைய குரல் பதிவு அவனிடம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.